கூண்டுக்கு வெளியே ஒரு படம்: காப்பக நாய்க்கு வீடு தேடுவது எப்படி

மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, வளைகாப்பு, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடையைத் திறப்பதில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடை தாண்டி இருக்கும் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்விடுவேன். ஏழு வருஷமாகப் போகிறேன். அங்கிருக்கும் நாய்களையும் பூனைகளையும் படம் எடுத்து, அவற்றைப் பற்றி நாலு வரி எழுதி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, வருகிற போனை எடுத்துப் பேசுவது என் பொறுப்பு. இதே வேலையை உங்கள் ஊர்க் காப்பகத்துக்குச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுருளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பட்டை நிறம், வால் முதுகுமேல் வளையமாகச் சுருண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். படம் அருமையாக வந்தது. "சாதுவான நாய், எல்லோருடனும் பழகும்" என்று எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் நாற்பது போன். ஒரு நல்ல குடும்பம் வந்து கூட்டிப்போனது. நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வீட்டுத் தாத்தா கைத்தடி ஊன்றி நடப்பவர். அவர் தடியை எடுத்தாலே சுருளி நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். இழுத்து வெளியே எடுக்கப் போன பையனின் கையைக் கவ்வப் பார்த்திருக்கிறது.

இது எனக்கு முன்பே தெரியும். காப்பகத்தைக் கூட்டிப் பெருக்கும் தம்பி, "அண்ணே, நான் தொடப்பத்தத் தூக்குனாலே இவன் மூலைக்குப் போயிருவான்" என்று சொல்லியிருந்தான். எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நான்தான் விட்டுவிட்டேன். திரும்பி வந்த சுருளி இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. வாசல் கேட் பக்கம் பார்த்தபடியே படுத்திருந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து ஒரு நாயைப் பற்றி எனக்குத் தெரிந்த எதையும் நான் மறைத்ததில்லை. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த நாலு நாளில் கற்றுக்கொண்டதிலிருந்து கிளைத்தவைதான்.

படம்

கம்பிக்குப் பின்னால் நிற்கும் நாயைப் படம் எடுக்காதீர்கள். பார்க்கிறவர் "ஐயோ பாவம்" என்று ஒரு அழுகை முகத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த நாயைத் தன் வீட்டு வராந்தாவில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றாது. கழுத்துப்பட்டை மாட்டி வெளியே கூட்டி வாருங்கள். எங்கள் காப்பகத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. காலை ஏழிலிருந்து எட்டரை வரை அதற்கடியில் விழும் வெளிச்சத்தில் யாரை நிறுத்தினாலும் லட்சணமாகத் தெரிவார்கள்.

முதல் பத்து நிமிஷம் கேமராவை எடுக்கவே வேண்டாம். நடக்கட்டும், மோந்து பார்க்கட்டும், ஒவ்வொரு கல்லிலும் காலைத் தூக்கட்டும். கூண்டுக்குள்ளேயே கிடந்த உடம்பு அப்போதுதான் தளரும். வாய் லேசாகத் திறந்து நாக்கு எட்டிப் பார்க்கும், வால் தொடைக்கு நடுவிலிருந்து வெளியே வரும். அப்புறம் தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்தே விடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் குச்சிக் காலுமாக, மிரண்டு அண்ணாந்து பார்க்கிற நாய்தான் கிடைக்கும். கேமரா அதன் கண் உயரத்துக்கு வரவேண்டும். ஃபிளாஷ் கூடாது. கண் பச்சையாக மின்னும், நாயும் பயப்படும். நல்ல கேமரா இல்லையே என்று கவலைப்படாதீர்கள். போனில் நாயின் கண்மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் வைத்தால் போதும்.

கருப்பு நாய்களுக்குத் தனியாக மெனக்கெட வேண்டும். எங்கள் காப்பகத்தில் கடைசி வரை தங்கிப்போவது கருப்பும், அதிலும் பெட்டையும்தான். கருப்பு ஆகாது என்கிற நினைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் படம். வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால் முகம் கரிக்கட்டி மாதிரி ஆகிவிடும், கண் எது மூக்கு எது என்றே தெரியாது. நிழலில் நிறுத்தி, முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். பின்னால் செடி கொடி இருக்கட்டும். கண்ணுக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் விழும் வரை காத்திருங்கள், அந்தப் புள்ளிதான் அதற்கு உயிர் கொடுக்கும். என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து வைத்திருக்கிறேன். மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. அதைக் கருப்பு நாயின் கழுத்தில் கட்டினால், ஏதோ ஒரு வீட்டில் ஏற்கெனவே செல்லமாக வளர்வது போல இருக்கும். படம் எடுத்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள், கூண்டுக் கம்பியில் சிக்கினால் ஆபத்து.

கூடவே அரை நிமிஷ வீடியோ ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, கயிற்றில் நடப்பது, ஒரு மனிதர் பக்கத்தில் போனால் என்ன செய்கிறது என்பது. பாட்டு சேர்க்காதீர்கள்.

எழுத்து

"வாயில்லா ஜீவன், இரக்கம் காட்டுங்கள்", "இன்றைக்குள் யாரும் எடுக்காவிட்டால் என்ன ஆகுமோ" என்றெல்லாம் எழுதினால் பகிர்வு குவியும். வீடு கிடைக்காது. கிடைத்தாலும் இரக்கத்தில் எடுத்தவருக்கு அந்த இரக்கம் இரண்டாவது வாரத்தில், செருப்பைக் கடித்துக் குதறும்போது தீர்ந்துவிடும். நாய் எப்படியோ அப்படியே எழுதுங்கள். நான் எழுதிய ஒன்று:

"பெயர் அங்காயி. பெட்டை, வயது நாலு இருக்கும். கருத்தடை ஆகிவிட்டது, ரேபிஸ் ஊசி போட்டாயிற்று. முன்னங்கால் ஒன்று உடைந்து சேர்ந்தது, மாடிப்படியை மெதுவாகத்தான் ஏறும். தயிர்சோறு என்றால் உயிர். பூனையைக் கண்டால் விரட்டும், அதனால் பூனை இருக்கும் வீடு வேண்டாம். இடி இடித்தால் நடுங்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் கால்மேல் தாடையை வைத்துக்கொள்ளும்."

மூன்று பேர்தான் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர், "எங்க வீடு தரை வீடுதான் சார், படியே கிடையாது" என்று ஆரம்பித்தார். போனில் வர வேண்டியது இந்த மாதிரிப் பேச்சுதான்.

இந்த விவரங்களெல்லாம் எங்கிருந்து கிடைக்கும்? காப்பகத்தில் சோறு வைப்பவரிடமும் கூட்டிப் பெருக்குபவரிடமும் கேளுங்கள். டாக்டருக்கு நோய் தெரியும், நாயைத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். இனத்தைப் பற்றியும் பூசி மெழுக வேண்டாம். நாட்டு நாயை "லேப்", அதாவது லேப்ரடார், கலப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். நம் நாட்டு நாய் இந்த வெயிலுக்கென்றே பிறந்தது, அதற்கு இரவல் பெயர் எதற்கு? எங்கள் பக்கம் ராஜபாளையம், சிப்பிப்பாறையும் காப்பகத்துக்கு வரும். வெள்ளை ராஜபாளையத்தில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் பிடித்தது என்று அடி வாங்கிவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். காலால் தரையைத் தட்டினால் அதிர்வு உணர்ந்து திரும்பும், கைச்சாடையில் எல்லாம் கற்றுக்கொள்ளும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

போனில் பேசும்போது

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பவை இவ்வளவுதான்: சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்றா? வீட்டில் பெரியவருக்குச் சம்மதமா? பகலில் யார் இருப்பார்கள்? ஆடியில் குலசாமி கும்பிடப் போனால் மூன்று நாள் யார் பார்ப்பார்கள்? இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அதற்கு என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "பன்னிரண்டு வருஷம் இருந்தது, போன தை மாசம்தான் போச்சு" என்று சொல்லும்போதே குரல் கம்மினால், அந்த வீட்டைப் பற்றி அதற்குமேல் விசாரிக்கத் தேவையே இல்லை. "எங்கயோ ஓடிருச்சு" என்றால் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

மறுக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒருவர் பேசினார். "அண்ணே, தோப்புக் காவலுக்கு ஒண்ணு வேணும்."

"ராத்திரி அங்க யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டாக. அதான் நாய் கேக்குறேன்."

கோபப்படாமல் முடியாது என்று சொன்னேன். தனியாக ஒரு தென்னை மரத்தில் சங்கிலியால் கட்டிக் கிடப்பதற்குக் காப்பகமே மேல். பிறந்தநாள் பரிசாகச் சொல்லாமல் கொடுக்கப் போகிறேன் என்பவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. குடும்பத்தோடு வரச் சொல்லுவேன். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய், அடுத்த வாரம் மறுபடி வந்து கூட்டிப் போகச் சொல்லுவேன். இடையில் இருக்கும் ஏழு நாளில் அவசர ஆசைகள் தானாகவே கழன்றுவிடும்.

இலவசமா என்று எல்லோரும் கேட்பார்கள். நாய் இலவசம்தான், ஆனால் வளர்ப்பதற்குச் செலவு உண்டு. வருஷா வருஷம் தடுப்பூசி, உண்ணி மருந்து, மாதச் சாப்பாடு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் வீட்டில் ஒரு நடுத்தர அளவு நாய்க்குக் கோழியும் முட்டையும் அரிசியுமாக மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அன்றைக்குப் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஊசியை இலவசமாகப் போடுவார்கள். இதையும் சொல்லி வைக்கலாம்.

காகிதம்

ஆதார் நகல், முகவரி, கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: வைத்துக்கொள்ள முடியாமல் போனால் காப்பகத்துக்கே திருப்பித் தரவேண்டும், தெருவில் விடக் கூடாது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எப்போதும் சங்கிலியில் கட்டிப்போட்டு நடக்கவே விடாமல் வைப்பதும் அதே 11ஆம் பிரிவில்தான் வருகிறது. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள். அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு 1960இல் வைத்தது, அப்படியே இருக்கிறது. அந்த ஐம்பது ரூபாய்க்கு யாரும் பயப்படப் போவதில்லை, அதனால் ஆளைப் பார்த்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டால் அது செல்லாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தயங்குகிறவர்களுக்கு அதை அச்செடுத்தே கொடுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாள்

திரும்பி வரும் நாய்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரத்துக்குள் வருபவை. அதனால் கூட்டிப் போகிறவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் அனுப்புவேன்.

பைக்கில் மடியில் வைத்துக் கூட்டிப் போக வேண்டாம், ஆட்டோவோ காரோ போதும். கழுத்துப்பட்டை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. பயந்த நாய் பின்னால் இழுத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சேர்த்துப் போடும் பட்டையும் மாட்டி, இரண்டிலும் கயிறு இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். வந்த அன்றைக்கே குளிப்பாட்டாதீர்கள். சொந்தக்காரர்களை வரிசையாக வரவழைத்துக் காட்டாதீர்கள். ஒரு மூலையில் சாக்கு, அதன்மேல் பழைய சேலை, பக்கத்தில் தண்ணீர். அந்த மூலை அதனுடையது, அங்கே போய் யாரும் தொடக் கூடாது. முதல் வாரம் காப்பகத்தில் சாப்பிட்ட சாப்பாட்டையே கொடுங்கள், திடீரென்று மாற்றினால் வயிறு போகும்.

தொடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எதிரே நின்று குனிந்து தலைமேல் கையைக் கொண்டுபோனால், அடி வாங்கின நாய்க்கு அது இன்னொரு அடியாகத்தான் தெரியும். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். கையைத் தரையில் விட்டுவிடுங்கள். அதுவே வந்து மோந்து பார்க்கும். பிறகு தாடைக்குக் கீழே, நெஞ்சில் தடவுங்கள். இரண்டு விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அது நெருங்கி வரும்.

மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு என்று காப்பகக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் முன்பின் ஆகலாம். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பதும், ராத்திரி அழுவதும், வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போவதும் சகஜம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை வெளியே கூட்டிப் போனால் வளர்ந்த நாய்கள் சீக்கிரமே பழகிவிடும். வேகவைத்த எலும்பு கூடாது, பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். எந்த நாயானாலும் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

குட்டி எடுப்பவர்களிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ஊசி எல்லாம் முடியும்வரை, அதாவது நாலு மாதம் ஆகும்வரை, தெருவில் இறக்கக் கூடாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காப்பகத்திலும் குட்டிகள் இருக்கும் அறைக்குள் வெளிச் செருப்போடு யாரையும் விடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் தரையைக் கழுவுங்கள். ஒரே வாரத்தில் ஒன்பது குட்டிகளைப் புதைத்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் நான் படம் எடுத்திருந்தேன்.

பூனைக்கு ஜன்னலில் வலை. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

எடுக்க முடியாதவர்கள்

கல்யாண நாள், பிறந்தநாள் என்று காப்பகத்துக்குக் குடும்பமாக வருவார்கள். மனசு பெரியது. ஆனால் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் இருக்கும், அதில் திராட்சை மிதக்கும். நான் வாசலிலேயே நின்று, பொங்கலை வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், உள்ளே இருப்பவர்களுக்கு முட்டை வாங்கித் தாருங்கள் என்பேன். பழைய சேலை, சாக்கு, நாளிதழ், ஒரு மூட்டை அரிசி எல்லாமே உபயோகம். தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்து ஒரு வாரம் பயந்த நாய் ஒன்றைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி. ஒரு மணி நேரம் வந்து நாயை நடத்திக் கூட்டிப் போங்கள். கயிற்றில் நடக்கத் தெரிந்த நாய்க்கு வீடு சீக்கிரம் கிடைக்கும்.

தெருவில் நன்றாக இருக்கும் நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காதில் சின்னதாக வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964லேயே இந்த வழியைக் கையில் எடுத்தது. மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டு இதற்கு வர 1996 ஆயிற்று. ஒரு தெருவே சோறு வைத்து வளர்க்கும் நாயைத் தூக்கிவந்து கூண்டில் அடைத்தால், அடிபட்டு வரும் அடுத்த நாய்க்கு அந்தக் கூண்டு இருக்காது.

கொடுத்த பிறகு

மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று போன் செய்யுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்று வைத்துவிடுவார்கள். "எங்கே படுக்குது? இன்னிக்கு எத்தனை தடவை வெளிய போச்சு? யாருக்குப் பயப்படுது?" என்று கேளுங்கள். அப்போதுதான் சங்கடங்கள் வெளியே வரும், சின்னதாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்களைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் ராத்திரியில் நான்கு வழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டு, எழுதிக்கொள்ளுங்கள். நாயைப் பற்றிய அடுத்த நாலு வரிக்கு அது வேண்டும்.

சுருளிக்கு இரண்டாவது முறை எழுதியது இது: "ஆண்களைக் கண்டால் பயப்படும். துடைப்பம், கம்பு எது எடுத்தாலும் கட்டிலுக்கடியில் போய்விடும். அப்போது இழுக்காதீர்கள், தானாக வரும். அவசரப்படாதவர்கள் வேண்டும்." ஐந்து வாரத்தில் இரண்டே போன். இரண்டாவதாகக் கூப்பிட்டவர் செல்லூரில் அம்மாவோடு இருக்கும் ஒரு தையல்கார அக்கா. நாலு ஞாயிறு வந்து, சுருளியின் கூண்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஞாயிறு அழைத்துப் போனார்.

மூன்றாம் மாதம் ஒரு படம் அனுப்பினார். லேசாக ஆடிப்போன படம், வெளிச்சமும் சரியில்லை. வாசலில் சிலிண்டர் போடுகிற தம்பி நிற்கிறார். சுருளி கட்டிலுக்கடியில் இல்லை. அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அந்தத் தம்பியின் கால் பக்கம் மோந்து பார்க்கிறது.